அவசரம் ஒன்றுமில்லை

கார்ல் மறுபடியும் என் அண்ணனைச் சிவப்பாக்கியிருந்தான்.

சுவரில் மாட்டியிருக்கும் பெரிய திரையில் பச்சையும் மஞ்சளுமாக வாடிக்கையாளர்களின் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் கிரெஸ்டென் என்ற ஒரே ஒரு பெயர் மட்டும் ரத்தக்கட்டி மாதிரி சிவந்து நின்றது. பக்கத்தில் கார்லின் குறிப்பு: "அவசரம். யாராவது நேரில் போய்ப் பார்ப்பது நல்லது." அதற்குக் கீழே அண்ணன் எழுதிய செய்தி: "இங்க எல்லாம் சரியா இருக்கு. யாரும் போன் பண்ண வேண்டாம்."

"மெரெட்டெ, உன் அண்ணன் பத்திக்கிட்டு எரியறான் பாரு" என்றான் ஐவின். பழுது பார்க்க வேனில் போகிறவன் அவன்; காப்பிக் கோப்பையைத் தொப்பைமேல் வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தான். "தண்ணி வண்டி அனுப்பவா, கேக் வாங்கிட்டு நானே போகவா?"

"நீ வாயை மூடு, போதும்."

மூடு பொத்தானை அழுத்தினேன். சிவப்பு மறைந்தது. நான் என் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடிப்பதற்குள் மறுபடி வந்தது. புதுக் குறிப்பு: "மூடப்பட்டதைக் கவனித்தேன். காரணம் இன்னும் அப்படியே இருக்கிறது. மீண்டும் திறந்திருக்கிறேன்."

மறுபடி மூடினேன். அவன் மறுபடி திறந்தான். ஐவின் சிரித்த சிரிப்பில் காப்பி அவன் சட்டையில் கொட்டியது. அது ஒன்றுதான் அன்று காலையில் எனக்குக் கிடைத்த ஆறுதல்.

கார்ல் ஓர் ஏஐ ஏஜென்ட். எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் கூலிக்கு இருக்கும் ஆளைக் கார்ல் என்றுதான் கூப்பிடுவார்கள். அதனால் நான்தான் அவனுக்கு அந்தப் பெயரை வைத்தேன். நாங்கள் பன்றிக் கொட்டகைகளுக்குக் காற்றோட்ட விசிறி செய்யும் கம்பெனி. கோடையில் விசிறி நின்றுவிட்டால், சாத்திய கொட்டகைக்குள் பன்றிகள் மூச்சுமுட்டி விழ ஆரம்பிப்பதற்கு ஒரு கோப்பைக் காப்பி ஆறும் நேரம் போதும். ஆகவே விசிறி நின்றவுடன் பண்ணைக்காரனின் போனுக்கு எச்சரிக்கை அழைப்பு போகும். அவன் எடுத்து 'ஒன்று' அழுத்த வேண்டும். எடுக்காவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போகும். இந்த எண்கள், புகார்கள், வேன் அனுப்புவது எல்லாம் ஒரு மென்பொருளுக்குள் இருக்கிறது. போன வசந்தத்தில் எங்கள் முதலாளி ட்ரோல்ஸ் கார்லுக்கும் அந்த மென்பொருளுக்கும் நடுவே ஓர் இணைப்பு கொடுத்தான். அன்றிலிருந்து கார்லால் வாடிக்கையாளர் செய்தியைப் படிக்க முடியும், பதில் எழுத முடியும், மூட முடியும், திறக்க முடியும், வேன் அனுப்ப முடியும். கையும் காலும் முளைத்துவிட்டது. எங்கள் ஊர்க் காது மட்டும் முளைக்கவில்லை.

எங்கள் மேற்கு யூலாந்துப் பக்கத்துக்காரன் தலையில் இடி விழுந்தாலும் "இன்னிக்கு கொஞ்சம் மேகமா இருக்கு" என்பான். இதைக் கார்லுக்கு யார் சொல்வது? முதல் வாரத்திலேயே ஒரு பண்ணைக்காரர் எழுதினார்: "விசிறி கொஞ்சம் சோம்பலா சுத்துது. நேரம் கிடைக்கும்போது பாருங்க. அவசரம் ஒண்ணுமில்ல." கார்ல் அதற்குப் பச்சை போட்டு, இரண்டு வாரம் கழித்து ஒரு தேதி கொடுத்து, "உங்கள் பொறுமைக்கு மிக்க நன்றி!" என்று ஆச்சரியக்குறியோடு பதிலும் அனுப்பினான். மனிதர் தன் மூன்று மகள்களையும் கூட்டிக்கொண்டு, கொட்டகைக் கதவுகளைத் திறந்து வைத்து, பாயாலும் அட்டையாலும் விசிறிக்கொண்டிருந்திருக்கிறார். விசிறி அடியோடு செத்துப்போயிருந்தது. பக்கத்துப் பண்ணைக்காரன் டிராக்டரில் ஜெனரேட்டர் கட்டிக்கொண்டு வந்ததால் தப்பித்தார்கள்.

அன்றைக்கு ஆத்திரத்தில் கார்லுக்கு ஒரு விதி எழுதிக் கொடுத்தேன். புரோகிராம் எல்லாம் தேவையில்லை. வேலைக்காரனுக்குச் சொல்வது மாதிரி சொன்னால் போதும். "நம் ஆட்கள் 'கொஞ்சம்' என்றால் முழுசாக என்று அர்த்தம். 'அவசரமில்லை' என்றால் இன்றைக்கே என்று அர்த்தம். 'பார்ப்போம்' என்றால் மாட்டேன் என்று அர்த்தம். 'எல்லாம் சரி' என்றால் ஏதோ சரியில்லை. எத்தனை தடவை சொல்கிறார்களோ அத்தனை மடங்கு சரியில்லை."

எழுதி முடித்தபோது எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமை. நம் ஊர்ப் பேச்சுக்கே அகராதி எழுதிவிட்டேன் என்று ஐவினிடம் பீற்றிக்கொண்டேன்.

பிறகு ஆரம்பித்தது கூத்து. போதில் என்றொரு அம்மாள், புதுக் கட்டுப்பாட்டுப் பெட்டி பொருத்தியதும் "மோசமில்ல" என்று ஒரே சொல் எழுதினார். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பாராட்டுச் சொல்லே கிடையாது. கல்யாணத்தில் மாப்பிள்ளையைப் பற்றிக்கூட அதைத்தான் சொல்வார்கள். கார்ல் அதைப் படித்துவிட்டு மன்னிப்புக் கடிதமும் அனுப்பி, வேனும் அனுப்பினான். ஐவின் அவ்வளவு தூரம் வண்டி ஓட்டிப் போய், அந்த அம்மாள் வீட்டில் புளிப்புத் தண்டு போட்ட ருபார்ப் கேக் சாப்பிட்டுவிட்டு வந்தான். அடுத்தது, பணிவாக "நன்றி, எல்லாம் சரி" என்று எழுதிய ஒருவர். அடுத்தது, "சரி" என்று மட்டும் எழுதியவர். கார்ல் ஒவ்வொருவரையும் விடாமல் கேட்டான்: "நிச்சயமாகச் சரியா? உங்களுக்கு ஏதாவது கஷ்டமா?"

எங்கள் ஊரில் ஒரு மனிதனைப் பார்த்து இப்படிக் கேட்பது, குளியலறைக் கதவைத் தட்டாமல் திறப்பதற்குச் சமம். வாடிக்கையாளர்கள் வெலவெலத்துப் போனார்கள். ஒருவர் எனக்கே போன் போட்டு, "உங்க புது ஆள் கோபன்ஹேகன் பட்டணத்துக்காரனா?" என்று கேட்டார்.

இப்போது என் சொந்த அண்ணன். அதுவும் சுவர் நிறைய.

கிரெஸ்டென் என்னைவிட மூத்தவன். அப்பாவின் பண்ணையை அவன்தான் நடத்துகிறான். காரில் போனால் பாட்டு ஒன்று முடிவதற்குள் அவன் வீட்டுக்குப் போய்விடலாம். ஈஸ்டருக்கு முன்பு அவன் மனைவி லோனெ அவனை விட்டுவிட்டு ஓல்போர் நகரத்துக்குப் போய்விட்டாள். சண்டை, சத்தம் ஒன்றும் இல்லை. எனக்கே கூட்டுறவுக் கடையில் யாரோ சொல்லித்தான் தெரியும். அன்று சாயங்காலம் போன் போட்டேன். "கேள்விப்பட்டேன்" என்றேன். "ம்" என்றான். "எப்படி இருக்கே?" "ஓடுது." கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். "சரி அப்போ" என்றான். "சரி அப்போ" என்றேன். எங்களைப் பொறுத்தவரை அது நீண்ட பேச்சு. அதற்குப் பிறகு இரண்டு முறை கடையில் பார்த்துத் தலையாட்டினோம். அவ்வளவுதான்.

அவனுக்கும் கார்லுக்கும் என்ன கடிதப் போக்குவரத்து என்று நான் திறந்து பார்க்கவில்லை. பார்க்க முடியும், ஒவ்வொரு வாடிக்கையாளரின் கோப்பும், நாங்கள் டிக்கெட் என்போம், எனக்குத் தெரியும். ஆனால் அண்ணன் வீட்டுத் திரைச்சீலையை விலக்கி எட்டிப் பார்ப்பது மாதிரி இருந்தது. எச்சரிக்கை எண்களை உறுதி செய்யச் சொல்லி கோடையில் எல்லோருக்கும் கார்ல் அனுப்பும் செய்திக்கு ஏதோ பதில் எழுதியிருக்கிறான், விதி பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டேன். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ மூடியபோது, மனதுக்குள் அந்த மென்பொருளைக் கண்டுபிடித்தவனின் பரம்பரையையே வைதேன்.

ட்ரோல்ஸ் அரைக்கால் சட்டையோடு உள்ளே வந்தான். ஜூலை மாதம். நாட்டில் பாதிப்பேர் கடற்கரையில் கிடந்தார்கள். அவனும் மறுநாள் கூடாரத்தோடு கிளம்ப வேண்டும். திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மெரெட்டெ, அந்த விதியை இன்னிக்கே எடுத்துடு."

"மாத்தி எழுதறேன். கொஞ்சம் இளக்கி…"

"மாத்த வேண்டாம், எடு. போன வாரம் வேன் எங்கெங்க போச்சுன்னு பாத்தியா? ஒரு எடத்துல கூட ஒரு ஸ்க்ரூ லூஸா இல்ல. ஐவின் ஊர் ஊரா போய் கேக் தின்னுட்டு வரான்."

"ருபார்ப் கேக் மோசமில்ல" என்றான் ஐவின்.

ட்ரோல்ஸுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒவ்வொருத்தனையும் பிடிச்சு உனக்கு மனசு சரியில்லையான்னு கேக்குது. நாம விசிறி விக்கறோம், மெரெட்டெ. மனநல ஆஸ்பத்திரி நடத்தல. நான் கடலுக்குப் போறதுக்கு முன்னாடி அந்தச் சிவப்பெல்லாம் அடங்கணும்."

அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். விதி முட்டாள்தனமானது, எழுதியவள் நான், இயந்திரம் சொன்னதைச் சொன்னபடி செய்கிறது. யார்மேல் கோபப்படுவது? விதி இருக்கும் பக்கத்தைத் திறந்தேன். நான் பெருமைப்பட்ட அகராதி, அழிக்கத் தயாராக, கண் முன்னால் நின்றது.

அப்போது என் போன் அதிர்ந்தது. கார்லிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. அலுவலகச் செய்தி அல்ல. வெளி ஆட்களுக்குப் போகும் சாதாரணச் செய்தி.

"வணக்கம், மெரெட்டெ. கிரெஸ்டென் தன் கொட்டகையின் முதல் எச்சரிக்கை எண்ணாக உங்கள் எண்ணைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். சம்மதமா? ஆம் அல்லது இல்லை என்று பதில் அனுப்பவும்."

என்ன திமிர் இவனுக்கு! எனக்கு வேலை வெட்டி இல்லையா? அவன் பன்றிக்கு நான் எழுந்து ஓட வேண்டுமா? கேட்பதானால் என்னிடம் நேரே கேட்பதற்கென்ன, வாயில் என்ன கொழுக்கட்டையா? கண்ணை மூடிக்கொண்டு "இல்லை" என்று அனுப்பினேன்.

"அப்படி எங்க ஊர் சுத்தக் கிளம்பறானாம் இவன்?" என்று வாய்விட்டே முனகினேன்.

"யாரு?" என்றான் ஐவின்.

"கிரெஸ்டென். எச்சரிக்கைக்கு என் நம்பரை மொதல்ல போடச் சொல்றான். லீவுல போறான் போலிருக்கு."

ஐவின் சிரிக்க வாய் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. "கிரெஸ்டென் லீவு போட்டு நான் பாத்ததே இல்லையே."

நானும் பார்த்ததில்லை. அப்பாவின் அடக்கத்துக்கு வந்தவன், சவப்பெட்டியை இறக்கிவிட்டு, கறுப்புக் கோட்டோடு கொட்டகைக்குப் போய்த் தீவனம் வைத்தவன். பன்றிக்காரனுக்கு எச்சரிக்கை எண் என்பது என்ன தெரியுமா? அது அவன் பெயர்ப்பலகை. முதல் எண் அவனுடையது. அதை எடுத்து இன்னொருத்தர் பெயரைப் போடு என்று சொல்பவன் பண்ணையை விற்றிருக்க வேண்டும். இல்லாவிட்டால்…

இல்லாவிட்டால் என்ன என்று யோசிக்கப் பிடிக்கவில்லை. அந்தத் திரைச்சீலையை விலக்கினேன். அண்ணனின் டிக்கெட்டை மேலிருந்து படித்தேன்.

"கோடை வெயில் ஏறுகிறது. உங்கள் எச்சரிக்கை எண்கள் சரியாக இருக்கின்றனவா?" இது கார்ல்.

"சரி. இங்க எல்லாம் சரியா இருக்கு. யாரும் போன் பண்ண வேண்டாம்."

"நன்றி. நான் எண்களைப் பற்றித்தான் கேட்டேன். போன் பண்ண வேண்டாம் என்று ஏன் சொன்னீர்கள்?"

"சும்மா."

மறுநாள் கார்ல் விடாமல் எழுதியிருந்தான்: "சென்ற வாரம் உங்கள் கொட்டகையிலிருந்து எச்சரிக்கை அழைப்புகள் போயிருக்கின்றன. நீங்கள் எடுக்கவில்லை. இரண்டாவது எண் லோனெ என்பவருடையது. அது இப்போது உபயோகத்தில் இல்லை. விசிறி தானாகவே திரும்ப ஓட ஆரம்பித்திருக்கிறது. அப்போது நீங்கள் வெளியே இருந்தீர்களா?"

"வீட்லதான் இருந்தேன்."

"போன் அடித்தது கேட்டதா?"

"கேட்டுது."

"எழுந்திருக்க முடிந்ததா?"

இதற்கு அன்று பதில் இல்லை. மறுநாள் காலைதான் வந்திருந்தது.

"எப்பவும் முடியறதில்ல."

அந்த வரியை நான் எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. எங்கள் ஊர்ப் பேச்சில் "எப்பவும் முடியறதில்ல" என்றால் சில சமயம் முடியாது என்பதல்ல, முடியவே இல்லை என்று அர்த்தம். அந்த அகராதியை எழுதியவளே நான்.

அதற்குக் கீழே கார்ல், யாரையாவது அனுப்பட்டுமா, மருத்துவரின் எண் வேண்டுமா என்று கேட்டிருந்தான். அண்ணன் பதில் எழுதியிருந்தான்: "வேண்டாம். என் நம்பரை எடுத்துடு. தங்கச்சி நம்பரைப் போடு. அவ எப்பவும் போனை எடுப்பா." அதன் பிறகு என் எண். மனப்பாடமாக, ஒரு இலக்கம் பிசகாமல். கடைசியாக ஒரு வரி: "அவளைத் தொந்தரவு பண்ண வேண்டாம். அவசரம் ஒண்ணுமில்ல."

அந்தச் செய்திகளுக்குப் பக்கத்தில் நான் மூடிய தடங்கள் அத்தனையும் வரிசையாகப் பதிவாகியிருந்தன. மெரெட்டெ மூடினார். கார்ல் திறந்தார். மெரெட்டெ மூடினார். கார்ல் திறந்தார்.

என் "இல்லை" இன்னும் அண்ணனுக்குப் போயிருக்காது என்று வேண்டிக்கொண்டே எண்கள் இருக்கும் பக்கத்துக்குப் போனேன். லோனெயின் எண்ணை எடுத்தேன். முதலில் என் எண்ணைப் போட்டேன். அவன் எண்ணை எடுக்கச் சொல்லியிருந்தான். எடுக்கவில்லை. இரண்டாவதாக வைத்தேன். சேமித்ததும் திரையில் வழக்கமான வாசகம் வந்தது: எண்கள் மாற்றப்பட்டன, சோதனை அழைப்பு இன்று பிற்பகல் காப்பி வேளையில் போகும். பண்ணைக்காரர்கள் சமையலறையில் இருக்கும் நேரம் அதுதான் என்று நாங்களே வைத்த ஏற்பாடு.

எழுந்தேன். "கொஞ்சம் வெளிய போயிட்டு வரேன்" என்றேன்.

ட்ரோல்ஸ் தலையைத் தூக்காமலே, "விதி?" என்றான்.

ஐவின் என் முகத்தைப் பார்த்தான். "கொஞ்சமா?" என்று கேட்டான்.

"கொஞ்சம்."

நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தான். பாக்கெட்டிலிருந்து வேன் சாவியை எடுத்து என் கையில் வைத்தான். "உன் கார்ல ஏசி இல்ல" என்று மட்டும் சொன்னான். பிறகு ட்ரோல்ஸ் பக்கம் திரும்பி, "ட்ரோல்ஸ், அந்த விதியைத் தொட்டே, உன் கூடாரத்தை நான் கொளுத்திடுவேன்" என்றான். ஐவின் ஓர் ஆண்டில் பேசும் வன்முறை அவ்வளவும் அதற்குள் அடக்கம்.

வெளியே காற்றே இல்லை. எங்கள் பக்கத்தில் காற்று இல்லாத நாள் என்பது கடல் இல்லாத கடற்கரை மாதிரி. காற்றாலைகள் கையை விரித்தபடி அசையாமல் நின்றன. பார்லி வெளுத்துக் கிடந்தது. இந்த வெயிலில் விசிறி நின்றால் என்ன ஆகும் என்று உலகத்துக்கே சொல்லி விற்பவள் நான். ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். யாராவது குறுக்கே வந்திருந்தால், வேன் முகப்பில் எழுதியிருக்கும் எங்கள் கம்பெனிப் பெயர் நெற்றியில் பதிந்து போய்ச் சேர்ந்திருப்பார்கள்.

முற்றத்தில் இறங்கியதும் முதலில் காது கொடுத்தேன். கொட்டகையிலிருந்து இரைச்சல் வந்தது. சீரான, ஆழமான இரைச்சல். எல்லா விசிறியும் ஓடுகின்றன. எங்கள் சரக்கு, மோசமில்லை. கொடிக்கம்பத்தில் கயிறு அவிழ்ந்து தொங்கியது. ஜன்னலில் லோனெ வைத்திருந்த ஜெரேனியம் செடிகள் குச்சியாகக் காய்ந்திருந்தன. வாசலில் மரச்செருப்பு இரண்டும் ஒன்று கிழக்கே ஒன்று மேற்கே பார்த்துக் கிடந்தன. என் அண்ணன் செருப்பை ஜோடியாகத்தான் விடுவான். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன்.

சமையலறை மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. முன்னால் ஒரு தட்டில் ரை ரொட்டி. மேலே தடவிய ஈரல் விழுது ஓரம் கறுத்துக் காய்ந்திருந்தது. அது நேற்றையதா, அதற்கு முந்தையதா என்று நான் கேட்கவில்லை.

"ஓ, நீயா" என்றான்.

"இந்தப் பக்கமா போயிட்டிருந்தேன்."

யோசித்துப் பார்த்தான். "ரோடு இங்கயே முடிஞ்சுடுதே."

"ஆமா."

"ஐவின் வண்டி."

"ஆமா. அதுல ஏசி இருக்கு."

தலையாட்டினான், அது போதுமான காரணம் என்பது போல. நான் காப்பி மெஷினைக் கழுவினேன். உள்ளே பூஞ்சை பிடித்திருந்தது. தூள் போட்டேன். பின்னால் அவன் அசையும் சத்தமே இல்லை. மெஷின் கொட்டாவி விட்டுச் சொட்ட ஆரம்பித்தது. எப்படி இருக்கே என்று கேட்டால் ஓடுது என்பான். சாப்பிட்டியா என்றால் சாப்பிட்டேன் என்பான். எனக்குத் தெரிந்த கேள்விகள் எல்லாவற்றுக்கும் அவனிடம் தயார் பதில் இருந்தது. நாங்கள் இருவரும் ஒரே சமையலறையில் கற்றுக்கொண்ட பதில்கள்.

கோப்பைகளை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். கார்லின் வாக்கியத்தைத் திருடினேன்.

"போன் அடிச்சா எழுந்திருக்க முடியுதா, கிரெஸ்டென்?"

ஜன்னலைப் பார்த்தான். காது சிவந்தது. "அந்தக் கார்லும் இதையேதான் கேட்டான்" என்றான்.

"தெரியும்."

"மரியாதை தெரியாத பய. மூஞ்சிக்கு நேரா கேக்கறான்."

"நான்தான் அவனை அப்படி வளத்தேன்."

"உன்னை மாதிரியே இல்லையே." ஒரு மூலையில் உதடு அசைந்தது. உடனே நின்றது. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "அடிக்குது. கேக்குது. போகணும்னு தெரியுது. உள்ள அதுங்க இருக்குன்னு தெரியுது. எழுந்திருன்னு சொல்றேன். காலு…" நிறுத்திவிட்டான். "கொஞ்சம் களைப்பா இருக்கு, மெரெட்டெ."

கொஞ்சம்.

"நாளைக்கு நான் டவுனுக்குப் போறேன்" என்றேன். "டாக்டர் வீடு வழியிலதான் இருக்கு. உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

"பார்ப்போம்."

"பார்ப்போம்னா மாட்டேன்னு அர்த்தம். எழுதி வெச்சிருக்கேன். வேற சொல்லு."

என்னை முதல் தடவையாக நேரே பார்த்தான். கண்ணில் கோபம் இருந்தது, உண்மையான கோபம். வேறென்ன இருந்திருந்தாலும் எனக்குப் பயமாக இருந்திருக்கும். "தீவனம் யாரு வைப்பா?"

"ஐவின். ஒரு கேக் குடுத்தா போதும், பன்றியைத் தாலாட்டித் தூங்கவும் வைப்பான்."

மாட்டேன் என்று அவன் சொல்லவில்லை. ராத்திரி இங்கேயே படுக்கலாம், வேனில் ஐவினின் பழைய போர்வை இருக்கிறது, அதில் ஐவின் வாசனையும் இருக்கும், சகித்துக்கொள்ளலாம் என்றெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சுவர்க் கடிகாரம் காப்பி வேளையைத் தொட்டது.

என் போன் அடித்தது. மேஜையின் பூப்போட்ட மெழுகுத்துணிமேல், எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்து அதிர்ந்தது. திரையில் எங்கள் கம்பெனிப் பெயர், கீழே "கொட்டகை எச்சரிக்கை". அவன் திடுக்கிட்டு வெளியே பார்த்தான், கொட்டகைப் பக்கம்.

"சோதனை அழைப்பு" என்றேன். "நம்பர் மாத்தினா வரும்."

"எடு."

நான் எடுக்கவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டேன். போன் அடித்தது, அடித்தது, நின்றது.

"நீ எப்பவும் எடுப்பேன்னு கார்ல்கிட்ட சொன்னேனே" என்றான், குழம்பிப்போய்.

"எப்பவும் முடியறதில்ல" என்றேன்.

மேஜைமேல் குவிந்திருந்த செய்தித்தாள்களுக்கு அடியில் இரண்டாவது எண், அவன் போன், அடிக்க ஆரம்பித்தது. முதலில் மந்தமாக, காகிதத்துக்குள் வண்டு மாட்டியது மாதிரி. பிறகு தாள்களைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. அதிர அதிர மெழுகுத்துணிமேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. காய்ந்த ரொட்டித் தட்டைத் தாண்டி மேஜை விளிம்பை நோக்கிப் போனது. விழப்போகிற பொருளைப் பிடிக்க என் கை தானாக எழுந்தது. நான் அந்தக் கையைத் தொடைக்கடியில் திணித்து அமுக்கினேன். வெளியே விசிறிகள் இரைந்துகொண்டிருந்தன.

கிரெஸ்டென் போனைப் பார்த்தான். அது பாதி மேஜையிலும் பாதி காற்றிலுமாக ஆடியது. அவன் விரல்கள், ஒன்று ஒன்றாக, கோப்பையை விட்டன.